சுழல் டூல்பாக்ஸ் மக்கர் செய்தால்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

பிக்கப் டிரக்கின் பெட்டில், அதாவது பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டியில், மாட்டும் சுழல் பெட்டி ஆடுகிறது, கொண்டி விழவில்லை, பெட் தரையை உரசுகிறது என்று எந்தப் புகாரோடு வந்தாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: பெட்டியைத் தூக்கிக் கீழே வையுங்கள். கோளாறு பெட்டியில் இருப்பது அபூர்வம். அது தொங்குகிற இரண்டு பின்களில்தான் (இரும்பு முளைகளில்தான்) இருக்கும்.

பிக்கப் டிரக்கின் பெட்டில், சக்கர மேட்டுக்கும் டெயில்கேட் என்ற பின்கதவுக்கும் நடுவே ஒரு சந்து வீணாகக் கிடக்கும். அதில் உட்கார்ந்துகொண்டு, டெயில்கேட்டைத் திறந்ததும் கதவுபோல வெளியே சுழன்று வருவதுதான் இந்தப் பெட்டி. மழையிலும் பனியிலும் பெட்டுக்குள் ஏறித் தவழ வேண்டாம் என்பதே இதன் சுகம். பக்கச் சுவரில் மேலே ஒரு பிராக்கெட், கீழே ஒரு பிராக்கெட். இரண்டிலும் மேல்நோக்கி நிற்கும் பின். பெட்டியின் துளைகள் அவற்றின்மேல் இறங்கி உட்காரும். நம் பழைய வீட்டு வாசற்கதவு குடுமியில் சுழலுமே, அதே ஏற்பாடு. குடுமி ஒரு நூல் விலகினால் கதவு என்னென்ன செய்யும் என்று பார்த்தவர்களுக்கு இனி எழுதப்போவதில் பாதி தெரிந்த கதைதான்.

நான் இருப்பது டெட்ராய்ட் புறநகரில். என் வண்டி 2016 ஃபோர்டு எஃப்-150, பெட்டி ஓட்டுநர் பக்கம், அதாவது இடப்பக்கம். அளவுகளெல்லாம் அதில் எடுத்தவை. உங்கள் பெட்டியில் பின்களுக்கு நடுவே உள்ள தூரம் வேறாக இருக்கலாம், கணக்கு மாறாது.

பெட்டி தானாகத் திறந்துகொள்கிறது. சுழற்றும்போது பாதி வழியில் பெட் தரையை உரசுகிறது

இந்த இரண்டையும் தனித்தனிக் கோளாறு என்று நினைத்து ஒரு வாரம் அலைந்தேன். இரண்டுக்கும் வேர் ஒன்றே: மேல் பின் பெட்டின் நடுப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது.

சாய்ந்த கம்பத்தில் மாட்டிய கதவு, கம்பம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் போய்த்தான் நிற்கும். அங்கேதான் அதன் எடை மிகத் தாழ்வாக இருக்கும். மேல் பின் உள்நோக்கிச் சாய்ந்தால் பெட்டிக்குப் பிடித்த இடம் பெட்டின் குறுக்கே, பாதித் திறந்த நிலை. மூடினாலும் நிற்காது, முழுக்கத் திறந்தாலும் நிற்காது, நடுவில் வந்து நிற்கும். போகிற வழியில் மூக்கும் தாழும்.

எவ்வளவு தாழும்? மேல் பின்னுக்கும் கீழ்ப் பின்னுக்கும் நடுவே 20 செ.மீ. என்று வையுங்கள். மேல் பின் 6 மி.மீ. உள்ளே தள்ளியிருந்தால், 70 செ.மீ. நீளப் பெட்டியின் நுனி நடுவழியில் 2 செ.மீ.க்கு மேல் இறங்கிவிடும். பெட் தரையில் ரப்பர் பாய் வேறு விரித்திருந்தால் உரசாமல் என்ன செய்யும்?

அந்த 6 மி.மீ. எங்கிருந்து வந்தது? சுவருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே வைக்கும் ஸ்பேசரிலிருந்து. டிரக் பெட்டின் பக்கச் சுவர் நேராக இருக்காது. மேலே ஒரு வளைவு, கீழே ஒரு வளைவு. அதை ஈடுகட்ட இரண்டு அளவில் ஸ்பேசர் தருவார்கள். பையைக் கிழித்து டெயில்கேட்டில் கொட்டினால் எல்லாம் ஒரே கறுப்பாக, ஒரே தடிமனில் கிடக்கும். நிமிர்த்திப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால்தான் உயரம் வேறென்று தெரியும். நான் கீழே போக வேண்டியதை மேலே போட்டிருந்தேன்.

சரிபார்க்க: பெட்டியை இறக்கிவிட்டு, ஒரு ஸ்டீல் ஸ்கேலை இரண்டு பின்களின் பக்கவாட்டிலும் ஒட்டி நிறுத்துங்கள். பின்பக்கமிருந்து ஒருமுறை, பெட்டின் உள்ளிருந்து ஒருமுறை. ஸ்கேலுக்கும் பின்னுக்கும் நடுவே டார்ச் வெளிச்சம் கசிந்தால் இரண்டும் ஒரே கோட்டில் இல்லை. ஒரே கோட்டில் இருந்தால் அடுத்து, அந்தக் கோடு பெட் தரைக்குச் செங்குத்தா என்று பாருங்கள். தரையில் வரிவரியாக மேடு பள்ளம் இருப்பதால் மூலைமட்டத்தை நேரே வைக்க முடியாது. ஒரு பலகைத் துண்டைப் போட்டு அதன்மேல் வையுங்கள்.

இங்கே ரசமட்டத்தை நம்பி ஏமாறாதீர்கள். வெறும் பிக்கப்பின் பின்பக்கம் சற்றுத் தூக்கலாக இருக்கும்படிதான் செய்திருக்கிறார்கள், சரக்கு ஏறினால்தான் சமமாகும். நமக்கு வேண்டியது பூமிக்குச் செங்குத்து அல்ல, பெட் தரைக்கு.

எல்லாம் சரியாக இருந்தும் மேட்டில் வண்டியின் மூக்கை மேலே வைத்து நிறுத்தும்போது மட்டும் பெட்டி வெளியே வருகிறதா? அது கோளாறில்லை, புவியீர்ப்பு. கொண்டியைப் போடுங்கள்.

மூக்கு தொங்குகிறது, மூடும்போது தூக்கிக் கொடுத்தால்தான் கொண்டி விழுகிறது

வெறும் பெட்டியிலும் தொங்குகிறதா, சாமான் போட்டால் மட்டுமா? முதல் கேள்வி இதுதான். நான் பார்த்தவரை பலரும் இதைக் கேட்காமலேயே ஸ்பேனரை எடுத்துவிடுகிறார்கள்.

சாமான் போட்டால் மட்டும் என்றால் எடையைப் பாருங்கள். என் பெட்டியில் எழுதியிருக்கும் வரம்பு 75 பவுண்டு, நம் கணக்கில் 34 கிலோ. சாக்கெட் செட், பைப் ரென்ச், ஒரு டப்பா நிறைய ஆணி, இழுப்புச் சங்கிலி எல்லாம் போட்டால் அதைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. அந்த 34 கிலோ பிராக்கெட்டுக்கு வெறும் 34 கிலோ இல்லை. எடையின் மையம் பின்னிலிருந்து 35 செ.மீ. தள்ளி இருந்தால், 20 செ.மீ. இடைவெளியில் நிற்கும் மேல் பிராக்கெட்டை அது ஏறக்குறைய 60 கிலோ விசையோடு இழுக்கும், கீழ் பிராக்கெட்டை அதே அளவு தள்ளும். இது வண்டி நிற்கும்போது. மார்ச் மாதம் பனி உருகி மிச்சிகன் சாலைகளில் குழி விழும்போது ஒவ்வொரு குழியிலும் இது எகிறும்.

அதனால் கனமான சாமானைப் பின் இருக்கும் பக்கம் வையுங்கள், கையுறை, டேப், ஒயர் நுனிப்பக்கம். சும்மா இடம் மாற்றி வைத்ததிலேயே தொங்கல் போன வண்டி உண்டு.

வெறும் பெட்டியே தொங்கினால் ஆட்டம் எங்கே என்று தேட வேண்டும். பெட்டியை மாட்டி, ஒரு கையால் நுனியைத் தூக்கித் தாழ்த்துங்கள். இன்னொரு கையின் ஆள்காட்டி விரலை பிராக்கெட்டும் சுவரும் சேரும் விளிம்பில் பாதி அதிலும் பாதி இதிலுமாக வையுங்கள். பிராக்கெட் அசைந்தால் விரல்நுனிக்குத் தெரிந்துவிடும், கண்ணுக்குத் தெரியாத அசைவுகூட. அங்கே அசைவில்லை, பின்னும் பெட்டித் துளையும் சேருமிடத்தில்தான் அசைகிறது என்றால் துளைக்குள் பின்னைச் சுற்றி இருக்கும் புஷ் என்ற குழல் துண்டு தேய்ந்துவிட்டது. 20 செ.மீ. இடைவெளியில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் நுனியில் அது மூன்றரை மி.மீ. கொண்டி தவறுவதற்கு அது போதும்.

பிராக்கெட் அசைந்தால் பெரும்பாலும் அதன் நீள்துளைதான் காரணம். முன்பின் நகர்த்திப் பொருத்த வசதியாகத் துளையை நீளமாக வெட்டியிருப்பார்கள், அதே வசதியில் அது வழுக்கவும் செய்யும். எல்லா போல்ட்டையும் விரல் இறுக்கத்துக்குத் தளர்த்துங்கள். வெறும் பெட்டியை மாட்டி மூன்று முறை முழுக்கத் திறந்து மூடுங்கள். பின்கள் தங்களுக்குள் ஒரு கோட்டைக் கண்டுபிடித்துக்கொள்ளும். பெட்டியை நுனியில் தாங்கிப் பிடித்தபடி மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு பிராக்கெட்டை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் முதலாவது இரண்டாவதை இழுத்துவிடும். இறுக்கத்தின் அளவு, அதாவது டார்க், பெட்டியோடு வந்த தாளில் இருக்கும். டார்க் ரென்ச்சை அதற்கு வைத்து நிறுத்துங்கள். “இன்னும் கொஞ்சம்” என்ற ஆசைதான் அடுத்த தலைப்புக்குக் கொண்டுபோகிறது.

போல்ட் இறுகவே இல்லை, சும்மா சுற்றுகிறது

பக்கச் சுவர் மெல்லிய தகடு. அதில் நேரடியாக மரை வெட்ட முடியாது என்பதால் துளையில் ரிவெட் நட் என்ற ஒரு சின்னக் குழலை நசுக்கி உட்கார வைத்திருப்பார்கள். உள்ளே மரை இருக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் மரை போகும், அல்லது குழலே தகட்டில் வழுக்கிச் சுற்றும்.

ஒரு நண்பர் வெளியே ஒரு கடையில் பெட்டியைப் பொருத்திக்கொண்டு வந்தார். காற்றழுத்தத் துப்பாக்கியால் ‘டுர்’ என்று ஒரே மூச்சில் இறுக்கியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் வந்து, “அண்ணே, போல்ட் நிக்கவே மாட்டேங்குது, கழட்டவும் முடியல” என்றார். இறுகவும் இல்லை, கழலவும் இல்லை, இதுதான் குழல் சுற்றுவதன் அடையாளம். மரை போயிருந்தால் போல்ட்டை வெளியே இழுத்துக்கொண்டே சுற்றினால் வந்துவிடும்.

கழற்ற ஒரு வழி: பிராக்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பியபடியே போல்ட்டைத் திருப்புங்கள். நெம்பலில் குழலின் விளிம்பு தகட்டைக் கவ்வினால் போல்ட் கழலும். கவ்வவில்லை என்றால் போல்ட் தலையைத் துளைத்து எடுப்பதுதான் மிச்சம்.

அதே துளையில் இன்னொரு ரிவெட் நட் போட நான் ஆசைப்படமாட்டேன். துளை ஏற்கெனவே அகண்டிருக்கும். பின்னாலிருந்து சாதாரண நட்டும் பெரிய வாஷரும் போட வழி இருக்கிறதா என்று பார்ப்பேன். எஃப்-150இல் வழி இருக்கிறது, அதுவும் சுலபமான இடத்தில். டெயில்கேட்டைத் திறந்தால் பின்விளக்கின் உள்பக்க ஓரத்தில் இரண்டு ஸ்க்ரூ தெரியும். அவற்றைக் கழற்றி, விளக்கை நேராகப் பின்னோக்கி இழுத்தால் கையோடு வந்துவிடும். பக்கவாட்டில் நெம்பாதீர்கள், வெளிப்பக்கம் இருக்கும் குமிழ்கள் உடையும். ஒயர் இணைப்பையும் பார்த்துக் கழற்றுங்கள். பக்கத்து வண்டியைக் காட்டிக்கொடுக்கும் ரேடார் உள்ள வண்டிகளில் அது இந்த விளக்குக்குள்ளேயே இருக்கிறது.

விளக்கு போன இடத்தில் கை நுழையும் ஓட்டை. டார்ச் அடித்தால் இரண்டு சுவருக்கும் நடுவே உள்ள பொந்து முழுக்கத் தெரியும். ரிங் ஸ்பேனரின் வாயில் நட்டை வைத்து, அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் நட் விழாது. வாஷரை நட்டின்மேல் ஒரு பொட்டு கிரீஸால் ஒட்டவைத்து, ஸ்பேனரை மெதுவாக உள்ளே விட்டுத் துளைக்கு நேரே பிடியுங்கள். வெளியிலிருந்து இன்னொருவர் போல்ட்டைக் கையால் திருப்ப வேண்டும். முதல் இரண்டு முறை நட் உள்ளே விழும். விழுந்த நட்டை அப்படியே விட்டுவிடாதீர்கள், அடுத்த பத்து வருஷம் ஒவ்வொரு வேகத்தடையிலும் அது பாடும்.

புதிதாகத் துளை போட வேண்டிய வண்டியாக இருந்தாலும் இதே வழியில் முதலில் உள்ளே எட்டிப் பாருங்கள். விளக்குக்குப் போகும் ஒயர்க்கட்டு அந்தப் பொந்துக்குள்தான் ஓடுகிறது. டிரில் பிட்டில் தேவையான ஆழத்துக்கு மேல் டேப் சுற்றிக்கொள்வது கூச்சப்பட வேண்டிய விஷயமில்லை.

போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி, அல்லது துரு

கையில் ஒரு காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெட் சுவரில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் கலவை. எஃப்-150 2015ஆம் ஆண்டு மாடலிலிருந்து அலுமினிய உடம்பு. டொயோட்டா டக்கோமாவில் 2005இலிருந்து பெட் கலவைப் பொருள். பழைய வண்டி வாங்கியவர்கள் இந்தச் சோதனையைச் செய்துவிட்டு மேலே படிக்கலாம். (2014, 2015 எஃப்-150 பெட் இரண்டும் வேறு வேறு. ஒன்றுக்கான பெட்டியை மற்றதற்குச் சரிக்கட்ட முயல வேண்டாம்.)

இரும்பில் துரு வந்தால் கதை சின்னது: துளையின் விளிம்பில் பெயிண்ட் போயிருக்கிறது. கழற்றி, தேய்த்து, பிரைமரும் டச்சப் பெயிண்டும் அடித்து, காய்ந்தபின் மாட்டுங்கள்.

அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்தால் அது வேறு. இரண்டு வேறு உலோகம், நடுவே உப்புத் தண்ணீர், ஒரு சின்ன பேட்டரி தயார். அரிபடுவது எப்போதும் அலுமினியம்தான், ஸ்டெயின்லெஸ் போல்ட் பளபளவென்று இருக்கும். எங்கள் ஊரில் உப்புக்குப் பஞ்சமில்லை. டெட்ராய்ட் நகருக்கு அடியில், ஆயிரம் அடிக்கும் கீழே, உப்புச் சுரங்கமே இருக்கிறது. குளிர்காலத்தில் சாலையெல்லாம் உப்பு, வண்டியெல்லாம் உப்பு.

பொடியை நைலான் பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் கூடாது. இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து கோளாறைப் பெரிதாக்கும். பிராக்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தகடு, போல்ட் தலைக்கு அடியில் நைலான் வாஷர், மரையில் கிரீஸ். செம்பு கலந்த ஆன்டி-சீஸ் பசையை அலுமினியத்தில் தடவாதீர்கள், செம்பு இன்னும் மோசமான ஜோடி. மரையில் கிரீஸ் தடவினால் அதே டார்க்கில் போல்ட் கூடுதலாக இறுகும் என்பதையும் நினைவில் வைத்து, கையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஓடும்போது கடகடவென்று சத்தம்

பெட்டியைக் காலி செய்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி உங்கள் ஸ்பேனர்கள். அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள், முடிந்தது.

காலிப் பெட்டியும் சத்தம் போட்டால், குழாய் இணைப்புக்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பைப் பின்களில் நாலைந்து சுற்று சுற்றி மறுபடி ஓட்டுங்கள். சத்தம் போனால் புஷ் மாற்ற வேண்டும். டேப் ஒரு வாரத்தில் கிழிந்துவிடும், அது வைத்தியம் இல்லை, நாடி பார்ப்பது மட்டும்தான். இரண்டிலும் போகாத சத்தம் கொண்டியில் இருக்கும், அதற்கு ஒரு ரப்பர் துண்டு.

பெட்டின் மேல் மூடி, அதாவது டானோ கவர், மூடவில்லை

சுருட்டும் கவர், மடிக்கும் கவர் எதுவானாலும் சுவரின் உள்விளிம்பைக் கவ்விப் பிடிக்க கிளாம்ப் வைத்திருக்கும். அதில் ஒன்று பெரும்பாலும் மேல் பிராக்கெட் இருக்கும் இடத்திலேயே இருக்கும். கிளாம்ப்பை ஒரு சாண் முன்னே நகர்த்தினால் தீரும். பிராக்கெட்டைக் கீழே இறக்காதீர்கள். இரண்டு பின்களுக்கு நடுவே இடைவெளி குறைந்தால் மேலே போட்ட 60 கிலோ கணக்கு ஏறிவிடும். இழுத்து மூடும் வகைக் கவரில் தண்டவாளமே சுவரை ஒட்டி ஓடும். அதோடு ஒத்துப்போகுமா என்று வாங்குமுன் கேட்டுவிடுங்கள், பிறகு கேட்டுப் பயனில்லை.

கோடையில் விழாத கொண்டி குளிர்காலத்தில் விழுகிறது

பைத்தியம் பிடித்துவிட்டதா என்று தோன்றும். இல்லை, பிளாஸ்டிக் நீள்கிறது. 70 செ.மீ. பிளாஸ்டிக் பெட்டி, பூஜ்யத்துக்கு 20 டிகிரி கீழே இருந்து 30 டிகிரிக்கு வந்தால் சில மி.மீ. வளரும். ஜனவரியில் ஒரு மயிரிழை இல்லாமல் பொருத்தியவர்களுக்குத்தான் ஜூலையில் இந்தத் தண்டனை. கொண்டி பிடிக்கும் தகட்டை அதன் நீள்துளையின் நடுவில் நிறுத்துங்கள், இரண்டு பக்கமும் வழி இருக்கும்.

பெட்டிக்குள் தண்ணீர்

ஒழுகலா, வியர்வையா? பெட்டியைத் துடைத்துக் காயவைத்து, நாலு மூலையிலும் மூடியின் ஓரத்திலும் டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஒட்டுங்கள். மூடிவிட்டு மேலிருந்து ஹோஸ் பைப்பால் ஐந்து நிமிஷம் தண்ணீர் ஊற்றுங்கள். எந்தத் துண்டு முதலில் நனைகிறதோ அங்கேதான் ரப்பர் விளிம்பு மடிந்திருக்கிறது அல்லது மூடி வளைந்திருக்கிறது. ஒன்றுமே நனையவில்லை, ஆனாலும் காலையில் ஸ்பேனரெல்லாம் ஈரமாக இருக்கிறது என்றால், அது குளிர்ந்த இரும்பில் காற்றின் ஈரம் படிவது. ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போடுங்கள். பெட்டியின் அடியில் வடிதுளை இருந்தால் அதை அடைத்துவிடாதீர்கள். சிலிகான் கையில் கிடைத்தவுடன் எல்லாத் துளையையும் அடைக்கிற கை நம்மில் பலருக்கு.

சாவி திரும்பவில்லை

பூட்டில் எண்ணெய் விட்டீர்களா? அதுதான். எண்ணெய் தூசியைப் பிடித்துவைக்கும், குளிரில் பிசினாகும். காய்ந்த கிராஃபைட் பொடி போடுங்கள். இல்லையென்றால் பென்சில் முனையைச் சாவியின் பள்ளங்களில் நன்றாகத் தேய்த்துப் பத்து முறை விட்டு எடுங்கள். பனியால் உறைந்திருந்தால் ஆல்கஹால் கலந்த டீ-ஐசர். வெந்நீர் ஊற்றாதீர்கள், அது அரை மணி நேரத்தில் முன்னைவிடக் கெட்டியாக உறையும்.

எல்லாம் சரியாகிவிட்டது, மறுபடியும் தளருமா?

முதல் நூறு மைலில் கொஞ்சம் தளரும். பெயிண்ட்டும் வாஷரும் அமுங்குவதால் வரும் தளர்ச்சி அது, ஒருமுறை இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். அதன் பிறகு தளர்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ரென்ச் வைத்துப் பார்க்க எனக்குப் பொறுமையில்லை. என் பெண்ணின் ஊதா நிற நகப்பூச்சை எடுத்து, போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை ஒரு கோடு இழுத்துவிட்டேன். டெயில்கேட்டைத் திறக்கும்போதெல்லாம் கண் அங்கே போகும். கோடு நேராக இருந்தால் பெட்டியைச் சுழற்றுவேன். உடைந்து விலகியிருந்தால் ரென்ச்சைத் தேடுவேன். இதுவரை ஒன்றுதான் விலகியது, ஸ்பேசர் மாறிப்போன அந்த மேல் பிராக்கெட்டில்.